பேசும் மேளம் அழைத்த பெயர்: மேற்கு ஆப்பிரிக்கக் கச்சேரி அனுபவங்கள்

லாகோஸ்வாசி:
ஒவாம்பே என்னும் நைஜீரிய யோருபா மக்களின் ஆடம்பர விருந்துக்குப் போனவர்களுக்கு, அங்கே ஜூஜூ என்னும் நடன இசை வாசிக்கும் குழுவையும் பாடகரின் நெற்றியில் ஒட்டப்படும் நைரா (நைஜீரியப் பணம்) நோட்டுகளையும் விளக்க வேண்டியதில்லை. என்னை உறுத்துவது வேறொன்று. அக்குளில் பேசும் மேளத்தை இடுக்கியிருந்தவர் பாட்டின் நடுவே கயிறுகளை அழுத்தி ஒரு தொடரை வாசித்தார். யோருபா மொழியின் மேல், நடு, கீழ்த் தொனிகளை அந்த மேளம் அப்படியே எடுத்துச் சொல்லும் என்பதால், மொழி அறிந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்து, கடைசி மேசையில் எழாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைத் திரும்பிப் பார்த்தனர். மேளம் சொன்னது அவருடைய பெயரையாம். அவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே எழுந்து வந்தார். அந்த முகத்தில் இருந்தது பெருமையா, அகப்பட்டுக்கொண்ட கூச்சமா என்பது இன்றும் விளங்கவில்லை. காசு கொடுத்து வாங்கும் புகழ்ச்சி என்றே அன்று தோன்றியது.

டாக்கார் கடற்கரை:
கடைசி வரியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செனகல் பாடகர் யூசு ந்தூரின் தியோஸான் இசை விடுதியில், நள்ளிரவு நெடுநேரம் கடந்தபின், ஒரு பெண்மணி மேடையேறினார். தமா என்னும் அந்நாட்டுப் பேசும் மேளத்தை வாசிப்பவர் பாடகரை விட்டுவிட்டு அந்தப் பெண்மணியின் முழங்காலையே பார்க்கத் தொடங்கினார். பாதம் தரையைத் தொடும் கணத்தில்தான் அடியும் விழுந்தது. அவர் தூக்கிய காலை வேண்டுமென்றே அந்தரத்தில் நிறுத்தியபோது கலைஞரின் கோலும் அந்தரத்தில் நின்றது, அரங்கமே சிரித்தது. சபார் என்னும் மேளத்தின் தாளத்தில் வளர்ந்த ம்பலாக்ஸ் என்னும் செனகல் நடன இசையில் ஆடுபவரும் வாசிப்பவர்தான். இறங்கும்போது அவர் ஒரு நோட்டைக் கலைஞரின் கையில் திணித்தது உண்மையே. அதை விலை என்பது, மொய் எழுதியவரைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியவர் என்பது போலாகும்.

கோரா ரசிகர்:
நான் கண்டது சிறிது. மாலியின் தலைநகர் பமாகோவின் ஓகோன் இசை விடுதியில், கோரா என்னும் யாழ் போன்ற கருவியைத் தூமானி தியாபாத்தே வாசித்த ஒரு வெள்ளிக்கிழமை இரவில், பாடகர் அங்கிருந்த ஒருவருடைய முன்னோர்களை வரிசையாகச் சொல்லச் சொல்ல, அந்த விருந்தினர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். மாலியிலும் அதைச் சுற்றியும் வாழும் மாண்டே மக்களிடையே குயாத்தே, தியாபாத்தே, சிசோகோ போன்ற குடிகளில் பிறந்த, பரம்பரையாகப் புகழ் பாடும் ஜெலிகளுக்குப் பரிசு பெறுவது உரிமை, கொடுப்பது மற்றவர் கடமை. மாலிப் பேரரசை நிறுவிய மன்னர் சுண்டியாட்டாவின் கெய்ட்டா வழியில் வந்த சலிஃப் கெய்ட்டா பாடகரானதை வீட்டார் எதிர்த்ததும், பாடுவது ஜெலிகளின் தொழில் என்பதால்தான். ஆகவே கூச்சப்படாமல் கொடுங்கள். சிறிய நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததும் மேடையை விட்டு இறங்கிவிடுங்கள். நைஜீரியாவில் மட்டும் எச்சரிக்கை தேவை. 2007ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டப்படி நோட்டுகளை இறைப்பது குற்றம். குறைந்தது 6 மாதச் சிறையோ 50,000 நைரா அபராதமோ விதிக்கலாம், 2024இல் சிறை சென்றவர்களும் உண்டு.

லாகோஸ்வாசி:
சில்லறை நோட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. மேளக்காரருக்கு அந்தப் பெயர் எப்படித் தெரிந்தது என்பதைத்தான் பிறகு விசாரித்தேன். வருகிறவர்களின் பெயர், குடும்பம், தொழில் ஆகியவற்றை முன்கூட்டியே அறிந்து பாடகரின் காதில் போட, குழுவிலேயே ஆள் இருப்பாராம். சில சமயம் விருந்தினரே ஆள் அனுப்பித் தம் பெயரைச் சொல்லிவைப்பதும் உண்டாம். அப்படியானால், எழாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர் தம்மை அழைப்பதற்காகவே காத்திருந்திருக்கலாம்.