ரைசன் 5 3600இலிருந்து 5700எக்ஸ்3டிக்கு: பழைய போர்டில் புதிய பிராசஸர் போட்ட அனுபவம்

அடையாற்றங்கரை:

2020 பிப்ரவரியில் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, வீட்டிலேயே நானே பூட்டிய கணினி என்னுடையது. ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 3200 வேகத்தில் இயங்கக்கூடிய 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, வினாடிக்கு 144 படங்கள்வரை காட்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். கிராபிக்ஸ் கார்டுகளின் விலை இறங்கிய பிறகு, 2022 இறுதியில் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ வாங்கினேன். அதன்பின் பிராசஸரையும் மாற்றலாமா என்று ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு யோசித்து, 2024இல் 5700எக்ஸ்3டி வாங்கினேன். அந்த இடைக்காலத்தில் நான் கற்றவை, மாற்றிய பிறகு கண்டவற்றைவிடப் பயனுள்ளவை என்று கருதுவதால் அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

புதிய கார்டு வந்ததும் ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது ஆட்டம் ஒரு வினாடிக்கு உருவாக்கும் படங்களின் எண்ணிக்கை, இரட்டிப்பாகும் என்று எதிர்பார்த்திருந்தேன். சைபர்பங்க் 2077இல் வேறுபாடு நன்றாகவே தெரிந்தது. ஆனால் கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஏறக்குறைய எதுவும் மாறவில்லை. ஆட்டத்தின்போது கார்டின் பயன்பாட்டைத் திரையின் ஓரத்தில் காட்டச் செய்து பார்த்தபோது, அது 55 முதல் 65 விழுக்காட்டிலேயே நின்றது. பிராசஸரின் மொத்தப் பயன்பாடும் 45 விழுக்காடுதான் காட்டியதால், இரண்டும் சும்மா இருக்கும்போது தாமதம் எங்கிருந்து வருகிறது என்று குழம்பினேன். மொத்தப் பயன்பாடு என்பது 12 த்ரெட்டுகளின் (ஒரே நேரத்தில் வேலை நடக்கும் தடங்கள்) சராசரி. ஆட்டத்தின் முதன்மை வேலை ஒன்றிரண்டு த்ரெட்டுகளில்தான் நடக்கிறது. அவை நிரம்பிவிட்டால் மற்றவை காலியாகக் கிடந்தும் பயனில்லை. இதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. ஆட்டத்தின் ரெசல்யூஷனை 720பிக்குக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம்கள் கூடினால் அதுவரை தடுத்துக்கொண்டிருந்தது கார்டு. கூடவில்லையென்றால் பெரும்பாலும் பிராசஸரும் ரேமும்தான். எனக்கு ஒரு ஃபிரேம்கூடக் கூடவில்லை.

இதற்கிடையே இன்னொரு தொல்லையும் இருந்தது. விண்டோஸ் 11க்கு மாறுவதற்காகப் பயாஸில் (மதர்போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை இயக்கியிருந்தேன். அன்றிலிருந்து எப்போதாவது, முன்னறிவிப்பே இல்லாமல், ஒலியும் படமும் ஒரு வினாடி உறைந்து பிறகு நகரும். பிராசஸருக்கு வயதாகிவிட்டது என்றே நினைத்தேன். உண்மையில் அது, அந்தப் பாதுகாப்பு வசதி மதர்போர்டின் ஃபிளாஷ் நினைவகத்தோடு பேசும்போது ஏற்படும் தடங்கல். ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனமே 2022 மார்ச்சில் அதை ஒப்புக்கொண்டு, மே மாதம் முதல் பயாஸ் புதுப்பிப்புகள் வழியாகத் திருத்தம் வரும் என்று அறிவித்திருந்தது. என் போர்டிலோ 2020ஆம் ஆண்டுப் பயாஸே இருந்தது. யுபிஎஸ் இருக்கும்போதுதான் பயாஸைத் தொடுவது என்பது நம் ஊர் மின்வெட்டு கற்பித்த பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப்பித்தேன். உறைதல் முற்றிலும் நின்றது.

ஆனால் அன்று மாலையே ஃபிரேம்கள் முன்பைவிடக் குறைந்திருப்பதைக் கண்டேன். காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. புதுப்பித்தபோது பயாஸ் அமைப்புகள் அனைத்தும் தொடக்க நிலைக்குத் திரும்பியதால், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்து, 3200இல் ஓட வேண்டிய ரேம் 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் இந்த எண் தெரியும். ரைசனில் இது இரட்டை இழப்பு. பிராசஸரின் உட்பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் சாதாரணமாக ரேமின் கடிகாரத்தோடு சேர்ந்தே ஓடுவதால், ரேம் மெதுவானால் உள்ளே நடக்கும் போக்குவரத்தும் மெதுவாகிறது. பயாஸில் ஒரே ஒரு அமைப்பை மாற்றியதும் இழந்த ஃபிரேம்கள் அனைத்தும் திரும்பின. புதிய பிராசஸர் வாங்க எண்ணும் ஒவ்வொருவரும் முதலில் பயாஸ், ரேமின் வேகம் ஆகிய இந்த இரண்டையும் சரிபார்த்துவிட வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 2023 ஆகஸ்டில் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 என்னைத் தோற்கடித்தது. அந்த ஆட்டத்துக் கதையின் மூன்றாம் பகுதியில் வரும் நகரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் நாற்பது, நாற்பத்தைந்து ஃபிரேம்தான்; சந்தைப் பகுதியில் முப்பதுகளுக்கு இறங்கிவிடும். படத்தின் தரத்தை எவ்வளவு குறைத்தாலும் மாற்றமில்லை. அங்குதான் 3600இன் எல்லையை உண்மையாகவே தொட்டேன்.

அந்த எல்லை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டது, எதை வாங்குவது என்ற முடிவுக்கும் உதவியது. 3600இல் உள்ள ஆறு கோர்களும் (கணக்கிடும் பகுதிகள்) மும்மூன்றாக இரண்டு குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் 16 எம்பி எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம். பெட்டியில் 32 எம்பி என்று அச்சிட்டிருந்தாலும், ஒரு குழுவின் கோர் மற்ற குழுவின் 16 எம்பியைத் தன்னுடையதுபோல எடுத்தாள முடியாது. தேடும் தரவு கேஷில் இருந்தால் பத்து நானோ வினாடியை ஒட்டிக் கிடைத்துவிடும். இல்லையென்றால் ரேம்வரை போய்வர எழுபது, எண்பது நானோ வினாடி பிடிக்கும். நூற்றுக்கணக்கான மாந்தர்கள் நடமாடும் ஒரு நகரத்தைக் கணக்கிடும் ஆட்டம், ஒரு ஃபிரேமுக்குள்ளேயே இந்தப் பயணத்தை எண்ணற்ற முறை செய்கிறது. 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி வினாடிதான் அவகாசம். 144 வேண்டுமென்றால் 6.9 மட்டுமே. பின்னர் வந்த ரைசன் 5000 வரிசையில் எட்டுக் கோர் வரை ஒரே குழுவாகி, 32 எம்பியும் பொதுவாயிற்று. 5700எக்ஸ்3டியில் அதன்மேல் இன்னொரு 64 எம்பியை அடுக்கி, மொத்தம் 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு ஈடாகக் கடிகார வேகத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இதன் உச்சம் 4.1 கிகாஹெர்ட்ஸ், அடுக்கு இல்லாத 5700எக்ஸுக்கு 4.6. எனவே வீடியோ தொகுப்பே முதன்மை வேலையாக உள்ளவருக்கு அந்த 5700எக்ஸே பொருத்தம். நான் ஆடுபவன் என்பதால் கேஷைத் தேர்ந்தேன்.

ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான (போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம்) ஏஎம்5க்கு மாறுவதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரைசன் 5 7600, அதற்கொரு பி650 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம் என்று மூன்றையும் கூட்டியபோது 40,000 ரூபாயைத் தாண்டியது. 5700எக்ஸ்3டிக்கு நான் கொடுத்தது 20,000 ரூபாயை ஒட்டிய தொகை. பழைய 3600ஐ உறவினர் ஒருவர் 4,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். ஆட்டங்களில் 7600உம் இதுவும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நிற்கின்றன, ஆட்டத்துக்கு ஆட்டம் முன்பின்னாக. 2020 மே மாதத்தில் பி450 போர்டுகளில் 5000 வரிசை இயங்காது என்று ஏஎம்டி அறிவித்ததும், பயனர்களின் எதிர்ப்பைக் கண்டு அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும். அன்று குரல்கொடுத்தவர்களுக்கு நான் உண்மையிலேயே கடன்பட்டிருக்கிறேன்.

பொருத்தும்போது நேர்ந்ததைச் சொல்லாமல் விட்டால் தவறாகும். என் போர்டின் சாக்கெட்டான ஏஎம்4இல் 1,331 ஊசிகளும் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. நான்கு ஆண்டுகளில் தெர்மல் பேஸ்ட் இறுகி ஒட்டியிருக்க, நான் கூலரை நேராக மேலே இழுத்தேன். சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே பிராசஸரும் அதோடு பெயர்ந்து வந்துவிட்டது. ஓர் ஓரத்தில் நான்கு ஊசிகள் சாய்ந்திருந்தன. லெட் வைக்கும் பென்சிலின் வெற்று முனையை ஒவ்வோர் ஊசியிலும் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன், பிழைத்துக்கொண்டது. கழற்றுவதற்கு முன் அரை மணி நேரம் ஏதேனும் ஆட்டத்தை ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் கணினியை அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகியபின் எடுப்பதே சரியான முறை. பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பழைய பயாஸுக்குப் புதிய பிராசஸரை அடையாளம் தெரியாது. 5700எக்ஸ்3டியோடு கூலர் வராது என்பதால் அதற்கும் தனியே பணம் ஒதுக்க வேண்டும்.

பலன் இதுதான். பால்டர்ஸ் கேட் நகரத்தில் நாற்பதுகளில் இருந்தது எழுபதை ஒட்டி நிற்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2இல் சராசரி 180இலிருந்து 290க்குப் போனது. அதைவிட எனக்கு முக்கியமானது, மிக மோசமான ஒரு விழுக்காட்டு ஃபிரேம்களின் அளவு 85இலிருந்து 135க்கு ஏறியது. புகைக்குண்டு வெடிக்கும் நேரத்தில் கை தடுமாறியதெல்லாம் இப்போது இல்லை. சைபர்பங்கில் படத்தரத்தை உச்சத்தில் வைத்தால் சராசரி மூன்று, நான்கு ஃபிரேம்தான் கூடியது, ஏனென்றால் அங்கே கார்டு ஏற்கெனவே 98 விழுக்காட்டில் உழைத்துக்கொண்டிருந்தது.

நெல்லைச் சீமை:

ஐயா, உங்கள் பதிவு பயனுள்ளதாக இருந்தது. இன்டெல் பக்கத்து அனுபவத்தை நான் பகிர்கிறேன்.

என்னிடம் ஐ5-9400எஃப் இருந்தது. ஆறு கோர், ஆறே த்ரெட். ஆட்டம் மட்டும் ஓடினால் குறையில்லை. பின்னணியில் நண்பர்களோடு பேசும் செயலியும் பிரவுசரும் திறந்திருந்தால் ஆறும் நூறு விழுக்காட்டைத் தொட்டு, படம் விட்டுவிட்டு நகரும். அதே போர்டில் பொருந்தும் ஐ9-9900 ஒன்றைப் பழைய சந்தையில் தேடினேன். அதற்குக் கேட்ட விலையில் புதிய ஐ5-12400எஃபையும் பி660 போர்டையும் சேர்த்து ஏறக்குறைய வாங்கிவிடலாம் என்று தெரிந்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். இன்டெல்லில் சாக்கெட் விரைவில் மாறிவிடுவதால் போர்டை மாற்றாமல் தப்ப முடியவில்லை. எனினும் 12ஆம் தலைமுறைக்கு டிடிஆர்4 போர்டுகளும் கிடைத்தது பெரிய உதவி; பழைய ரேமையே பொருத்தினேன்.

அந்த ரேம் 3200 வேகத்துக்கு உரியது. ஆனால் என் பழைய பி365 போர்டு 2666க்கு மேல் ஏற விடாது. ஆண்டுக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய வேகத்தைப் பயன்படுத்தாமலே இருந்திருக்கிறேன். பி660இல் முதன்முறையாக அது 3200இல் ஓடியது. த்ரெட் 12 ஆனது, எல்3 கேஷ் 9 எம்பியிலிருந்து 18 ஆனது. இப்போது பிரவுசரை மூடாமலே ஆட முடிகிறது.

மலைக்கோட்டை வாசி:

என் முடிவு வேறானது. என்னிடமும் 3600தான், இன்றும் அதேதான் இருக்கிறது. எனக்கு வேகமான சுடும் ஆட்டங்களில் நாட்டமில்லை. 1440பி, 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் தனியாக ஆடும் கதை ஆட்டங்களே போதும். ஆர்எக்ஸ் 580 கார்டு எப்போதும் 99 விழுக்காட்டில் திணறியது. அதை எடுத்துவிட்டு ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி போட்டேன், மின்சப்ளையையும் 650 வாட்டுக்கு உயர்த்தினேன். நான் ஆடும் பெரும்பாலான ஆட்டங்களில் 75ஐ எட்டிவிடுகிறது. அதற்குமேல் பிராசஸர் தரும் எதையும் என் மானிட்டர் காட்டப்போவதில்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும். விலை குறைவு என்று முதலில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை வாங்கவிருந்தேன். அதற்கு நான்கே பிசிஐ லேன்கள் (போர்டோடு தரவு பரிமாறும் பாதைகள்), அவையும் பிசிஐ 4.0 வேகத்துக்கு உரியவை. நம் பி450 போர்டுகள் பிசிஐ 3.0 என்பதால் அந்த நான்கின் வேகமும் பாதியாகிவிடும். நினைவகம் 4 ஜிபி மட்டுமே என்பதால் அந்த இழப்பு ஆட்டத்தில் வெளிப்படையாகவே தெரியும். பழைய போர்டு வைத்திருப்பவர்கள் கார்டு வாங்கும்போது லேன்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

அடையாற்றங்கரை:

மலைக்கோட்டை நண்பரின் முடிவு அவருடைய பயன்பாட்டுக்கு முற்றிலும் சரி. 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் எனக்கிருந்தால் நானும் பிராசஸரை மாற்றியிருக்க மாட்டேன்.

ஆர்எக்ஸ் 6600 அளவிலான கார்டுக்கும் 5700எக்ஸ்3டி வேண்டுமா என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டதால் இங்கேயே பதிலளிக்கிறேன். ஆர்எக்ஸ் 6600 அளவிலான கார்டு வைத்திருப்பவர்களுக்கு 5700எக்ஸ்3டி தேவையில்லை. ரைசன் 5 5600 போதும். ஆறு கோர்களும் ஒரே குழுவில் 32 எம்பியைப் பகிர்ந்துகொள்வதால் 3600இலிருந்து அதுவே தெளிவான ஏற்றம், கூலரும் உடன் வருகிறது. பழைய சந்தையில் எக்ஸ்3டி வாங்குவோர், விற்பவரின் வீட்டிலேயே கணினியை இயக்கச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் எல்3 கேஷ் 96 எம்பி என்று காட்டுகிறதா எனப் பார்த்துவிட்டு, கழற்றியதும் ஊசிகளைப் பக்கவாட்டில் விளக்கடித்து வரிசை வரிசையாகச் சோதித்தபின் பணத்தைக் கொடுங்கள்.

வெப்பத்தைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். 5700எக்ஸ்3டியில் மேலே ஒரு கேஷ் அடுக்கு இருப்பதால் சூடு வெளியேறுவது சற்றுக் கடினம். இதன் வரம்பு 90 டிகிரி. சாதாரண டவர் கூலரோடு, குளிர்சாதனம் இல்லாத அறையில், சென்னையின் மே மாதப் பிற்பகலில் என்னுடையது ஆட்டத்தின்போது 78 டிகிரிவரை போகிறது, டிசம்பரில் 66ஐத் தாண்டுவதில்லை.