என்கவுன்ட்டர் மரணம்: முதல் இரண்டு நாளில் குடும்பம் எழுத்தில் கேட்க வேண்டியவை எவை?

செல்வி_சட்டஉதவி

வணக்கம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவரின் வீட்டாரிடம் கொடுக்க ஒரு தாள் தயாரிக்கிறோம். முன்னும் பின்னுமாக ஒரே தாள்தான். மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்புங்கள் என்பது எல்லாத் துண்டறிக்கையிலும் இருக்கிறது. அதற்கு முன்னால், உடல் இன்னும் பிணவறையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை எதிலும் தெளிவாக இல்லை.

1. எஃப்.ஐ.ஆர். யார் மேல் போடப்படுகிறது, அதை எப்படிப் பார்ப்பது?
2. பிரேதப் பரிசோதனைக்கு முன் யாரிடம் எதைக் கேட்க வேண்டும்?
3. கையெழுத்துப் போட்டு உடலை வாங்கிக்கொள்ளச் சொல்லி நெருக்கினால் என்ன வழி?

2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த 16 நெறிமுறைகளைப் படித்துவிட்டோம். அவற்றில் குடும்பமே நேரடியாகக் கேட்டு வாங்கக்கூடியவை எவை என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கோர்ட்_படிக்கட்டு

தோழர், உங்கள் முதல் கேள்வியிலேயே பாதி விஷயம் இருக்கிறது. அந்தத் தீர்ப்பின் இரண்டாவது நெறிமுறை, சுட்டதில் மரணம் நடந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்து தாமதமின்றி நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. யாரைக் குற்றவாளியாகக் காட்ட வேண்டும் என்று அதில் இல்லை. அதனால் வழக்கமாக நடப்பது இது: சுட்ட அதிகாரியே புகார்தாரர், இறந்தவரே எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்), பிரிவு பி.என்.எஸ். (பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 109, கொலை முயற்சி. எதிரி இறந்துவிட்டார் என்று சில மாதத்தில் வழக்கை முடித்துவிடுவார்கள். சுட்டது தற்காப்புக்காகத்தானா என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் தொடாமலே போய்விடும்.

ஆகவே குடும்பம் தன் தரப்பில் தனிப் புகார் எழுதியே ஆக வேண்டும். பி.என்.எஸ். 103, கொலை. காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டம்) 173(4)-இன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதன் ரசீதோடு, பிரமாணப் பத்திரம் இணைத்து, மாஜிஸ்திரேட்டிடம் 175(3) மனு. புதிய சட்டத்தில் இங்கே ஒரு முட்டுக்கட்டை சேர்ந்திருக்கிறது. பணியின்போது நடந்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு அரசு ஊழியர் மேல் விசாரணைக்கு உத்தரவிட வேண்டுமானால், 175(4)-இன்படி மாஜிஸ்திரேட் முதலில் மேலதிகாரியிடம் அறிக்கை வாங்க வேண்டும், அந்த ஊழியரின் விளக்கத்தையும் பார்க்க வேண்டும். இதிலேயே மாதங்கள் ஓடிவிடும். மனுவிலேயே அறிக்கைக்கு நாள் குறிக்கும்படி கேளுங்கள்.

"இந்தச் சம்பவத்துக்கு ஏற்கெனவே ஒரு எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, இரண்டாவது போட முடியாது" என்பார்கள். அதற்குக் காட்டும் தீர்ப்பு 2001-இல் வந்த டி.டி. ஆண்டனி வழக்கு. அதுவும் கேரளாவில் கூத்துப்பறம்பில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலிருந்து எழுந்ததுதான். ஆனால் 2004-இல் உப்கார் சிங் வழக்கில், அதே சம்பவத்தைப் பற்றி எதிர்த்தரப்பு வேறு விதமாகச் சொல்லும் புகாருக்கு அந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. இந்த ஒரு வரியைத் தாளில் கட்டாயம் சேருங்கள்.

அடுத்தது, விசாரிப்பது யார்? சி.பி.சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையத்தின் குழு. மேற்பார்வை அதிகாரி, சுட்ட குழுவின் தலைவரை விடக் குறைந்தது ஒரு படி மேலானவராக இருக்க வேண்டும். பக்கத்து ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரிடம் கோப்பைக் கொடுத்துவிட்டு "வேறு நிலையம்" என்று கணக்குக் காட்டுவது உண்டு. மேற்பார்வை செய்பவரின் பெயரும் பதவியும் என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

இதைவிட முக்கியம், இறந்தவர் அந்த நேரத்தில் காவலில் இருந்தாரா என்பது. பதுக்கிய ஆயுதத்தை எடுக்க விடிகாலையில் அழைத்துப் போனோம், அங்கே தாக்கினார், சுட்டோம் என்று போலீஸ் சொன்னால், அவர் காவலில் இருந்ததைப் போலீஸே ஒப்புக்கொண்டதாகிறது. அப்போது பி.என்.எஸ்.எஸ். 196(2)-இன்படி நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) வந்து விசாரணையைத் தொடங்கினால் அன்றே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். இறந்தவரின் உறவினருக்குத் தகவல் சொல்லி, விசாரணையில் உடனிருக்க அனுமதிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இந்த உரிமை இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

---

தடயம்_மருத்துவம்

இரண்டாவது கேள்விக்கு. பிணவறையில் போனது போனதுதான், பிறகு எந்த ஆணையமும் அதை மீட்டுத் தர முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020 டிசம்பரில் காவல் மரணங்களுக்குக் கொடுத்த உத்தரவு கையில் இருக்க வேண்டும். உறவினருக்கு உடலை முன்னும் பின்னும் காட்ட வேண்டும், அவர்கள் படமெடுக்கலாம், அதன் பிறகே பரிசோதனை. அறுப்பதற்கு முன் உடல் முழுவதும் எக்ஸ்ரே. 2014 நெறிமுறைப்படி பரிசோதிப்பவர்கள் இரண்டு மருத்துவர்கள், கூடுமானவரை ஒருவர் மாவட்ட மருத்துவமனையின் பொறுப்பாளர். முழுவதும் வீடியோ.

குடும்பம் முதலில் கேட்க வேண்டியது உடுப்பைப் பற்றி. எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதுதான் தற்காப்புக் கதையின் அச்சாணி. கைத்துப்பாக்கியை உடம்பில் அழுத்தி வைத்துச் சுட்டால் குழல் வாயின் அச்சு தோலில் பதியும், தலை போல எலும்பு ஒட்டிய இடமானால் காயம் நட்சத்திரம் போலக் கிழிந்திருக்கும். சுமார் ஓர் அடிக்குள் என்றால் புகைக்கரி படியும். ஏறக்குறைய இரண்டு மூன்று அடி வரை, எரியாத வெடிமருந்துத் துகள்கள் தோலில் பச்சை குத்தியது போலப் புள்ளி புள்ளியாக ஏறியிருக்கும். அதற்கு அப்பால் ஒரு துளையும் அதைச் சுற்றிச் சிராய்ப்பு வளையமும் மட்டும்தான். துப்பாக்கி வகை, தோட்டாவைப் பொறுத்து இந்த அளவுகள் மாறும். அதனால் அதே ஆயுதம், அதே ரகத் தோட்டாவை வைத்து ஆய்வகத்தில் சுட்டுப் பார்த்துத்தான் தூரத்தை உறுதியாகச் சொல்ல முடியும்.

குண்டு சட்டையைத் துளைத்துப் போயிருந்தால் கரியும் துகளும் சட்டையிலேயே தங்கிவிடும், தோல் சுத்தமாக இருக்கும். சட்டை காணாமல் போனாலோ, மருத்துவமனையில் கத்தரித்துக் குப்பையில் போட்டாலோ, அறிக்கையில் "தூரத்திலிருந்து சுடப்பட்டது" என்று வந்துவிடும். எழுதிய மருத்துவர் பொய் சொல்லியிருக்க மாட்டார், அவர் முன் இருந்த தோல் அப்படித்தான் காட்டும். ஆகவே உடுப்பு பறிமுதல் ஆனதா, நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைத்தார்களா, பறிமுதல் பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95-இல் ஏறியதா என்று கேளுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும்.

அடுத்தது கைகள். இறந்தவர் சுட்டார் என்று சொன்னால், அவர் கைகளில் காகிதப் பை மாட்டி, கழுவுவதற்கு முன் வெடிமருந்துத் துகளுக்கான துடைப்பு மாதிரி எடுத்திருக்க வேண்டும். துகள் கிடைத்தாலும் அவர்தான் சுட்டார் என்று ஆகிவிடாது, பக்கத்தில் யாராவது சுட்டாலும் படியும். மாதிரியே எடுக்கவில்லை என்றால் அது விசாரணையின் ஓட்டை, அதைப் பதிவு செய்ய வேண்டும். அவர் பிடித்திருந்ததாகச் சொல்லும் துப்பாக்கியில் கைரேகை எடுத்தார்களா என்பதும் அப்படித்தான்.

உடலில் இருந்து எடுத்த குண்டைப் பல் வைத்த உலோக இடுக்கியால் பிடிக்கக் கூடாது. அதன் பக்கவாட்டுக் கோடுகளை வைத்துத்தான் எந்தத் துப்பாக்கி என்று கண்டுபிடிக்கிறார்கள், ஒரு கீறல் போதும் அதைக் குழப்ப. நுழைந்த காயம் ஒவ்வொன்றும் குதிகாலில் இருந்து எவ்வளவு உயரம், குண்டு மேலிருந்து கீழா, முன்னிருந்து பின்னா என்பது அறிக்கையில் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். எதிரே நின்று தாக்க வந்தவருக்கு முதுகில் நுழைவுக் காயம் இருந்தால் அதற்கு விளக்கம் வேண்டும்.

காயம்பட்ட போலீஸ்காரரின் ஏ.ஆர். காப்பியையும் (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) கேட்டு வாங்குங்கள். அதில் வந்த நேரம், யார் கூட்டி வந்தார், காயத்தின் நீளம், ஆழம் எல்லாம் இருக்கும். எழுதும் கைக்கு எதிர்க் கையில், ஒன்றுக்கொன்று இணையாக, மேலோட்டமான கீறல்கள் மட்டும் இருந்தால், தானே கீறிக்கொண்டதா என்ற கேள்வி எழும், அதை மாஜிஸ்திரேட் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

---

பாரா_புத்தகம்

மருத்துவர் சொன்னதோடு ஸ்டேஷன் காகிதங்களையும் சேருங்கள் அம்மா. சுட்டது சரியோ தவறோ, கீழ்க்கண்டவை இருந்தே தீரும். நேர்மையாகச் செயல்பட்ட அதிகாரியைக் காப்பாற்றுவதும் இவைதான்.

பொது நாட்குறிப்பு: குழு எத்தனை மணிக்கு, யார் யார், எந்த ஆயுதத்தோடு கிளம்பினார்கள். தகவல் வந்ததும் அதை எழுத்திலோ மின்னணு வடிவிலோ பதிய வேண்டும் என்பது 16-இல் முதல் நெறிமுறை. ஆயுதப் பதிவேடு: எந்த எண் துப்பாக்கி, எத்தனை ரவுண்டு (தோட்டா) கொடுத்தது, எத்தனை திரும்பியது. குறைந்த ரவுண்டும், இடத்தில் எடுத்த காலிக் கூடும், உடலிலும் சுவரிலும் கிடைத்த குண்டும் ஒன்றோடொன்று ஒத்துவர வேண்டும். வாகன லாக் புத்தகத்தின் கிலோமீட்டர். வயர்லெஸ் பதிவு. சுட்ட ஆயுதத்தை ஆய்வுக்கு ஒப்படைத்த தேதி.

இவற்றைக் குடும்பத்தின் கையில் தரமாட்டார்கள். பி.என்.எஸ்.எஸ். 94-இன்படி வரவழைக்கும்படி மாஜிஸ்திரேட்டிடம் கேட்க வேண்டும். பதிவேட்டின் பெயரையும் தேதியையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். "சம்பந்தப்பட்ட ஆவணங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

கேமரா பதிவுக்குத்தான் அவசரம். கடை, பெட்ரோல் பங்க் கேமராக்கள் பெரும்பாலும் சில வாரத்தில் பழையதை அழித்து மேலே எழுதிவிடும். கடைக்காரருக்கு ஒரு கடிதம், விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம், இரண்டும் முதல் நாளே. காவல் நிலையக் கேமரா பதிவை 18 மாதம், தொழில்நுட்பம் இடம் கொடுக்காவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு தந்தையும் மகனும் காவலில் இறந்த சாத்தான்குளத்தில், ஒரு டெராபைட் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கையில் எழுதினார். ஆகவே "பதிவு இல்லை" என்ற பதில் வந்தால், அழிந்தது எப்படி, அமைப்பை மாற்றியது யார் என்று அடுத்த மனு போட வேண்டும். செல்போன் அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் இரண்டு ஆண்டு வைத்திருக்கும், அதற்குக் கொஞ்சம் மூச்சு விடலாம்.

---

செல்வி_சட்டஉதவி

மூவருக்கும் மிக்க நன்றி. மூன்றாவது கேள்வி நிற்கிறது. உடலை வாங்க மறுத்தால் குடும்பத்துக்குத் தெரியாமல் எரித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. இன்னொன்று, காவல் புகார் ஆணையம் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே போகலாமா?

---

கோர்ட்_படிக்கட்டு

உயர் நீதிமன்றம் போகப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் உடலைக் குறைந்தது 48 மணி நேரம் பிணவறையில் பாதுகாக்க வேண்டும் என்று அதே மதுரைக் கிளை உத்தரவு சொல்கிறது. வாய்மொழி போதாது. பிணவறைப் பொறுப்பாளர், டீன், எஸ்.பி. மூவருக்கும் கடிதம், மூன்றிலும் பெற்றுக்கொண்ட நேரத்தோடு முத்திரை. வெறும் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலே "எங்கள் புகாரைக் கைவிடவில்லை" என்று கைப்பட எழுதிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

---

சீர்திருத்தம்_2006

புகார் ஆணையத்தைப் பற்றி: 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி, மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் இதை அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டின் 2013 சட்டம் உள்துறைச் செயலரைத் தலைவராகவும் டி.ஜி.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. மாவட்டத்தில் தலைவர் கலெக்டர், உடன் எஸ்.பி. எஸ்.பி.யின் ஆட்கள் மேல் கொடுக்கும் புகாரை எஸ்.பி. உட்கார்ந்திருக்கும் மேசையிலேயே வைக்கும் ஏற்பாடு இது. இதை மாற்றாமல் காவல் சீர்திருத்தம் என்று பேசுவதில் பொருளில்லை என்பதே என் உறுதியான கருத்து.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். மாநில ஆணையத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய ஆணையம் எடுக்காது, எனவே இரண்டுக்கும் சேர்த்து அனுப்பாமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

தனி விசாரணை ஆணையம் அமைத்தால் நீதி கிடைத்துவிடும் என்று குடும்பங்கள் நம்புவதைத் தாளில் பக்குவமாகத் திருத்துங்கள். தூத்துக்குடியில் 2018 மே 22-இல் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டு விசாரித்து 17 காவல்துறையினர் மேல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை தானாக வழக்கு ஆகாது. 1952 விசாரணை ஆணையச் சட்டப்படி, ஆணையத்தில் ஒருவர் சொன்ன வாக்குமூலத்தை அவருக்கு எதிராகக் குற்றவியல் வழக்கில் பயன்படுத்தவும் முடியாது. ஆணையம் ஓடும்போதே எஃப்.ஐ.ஆர். வழியும் ஓட வேண்டும்.

இழப்பீடு வாங்கினால் வழக்குப் போய்விடும் என்று மிரட்டுவார்கள், அது உண்மையில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பி.என்.எஸ்.எஸ். 396-இன்படி விண்ணப்பிக்கலாம், வழக்கும் நடக்கும்.

---

கோர்ட்_படிக்கட்டு

மேலே ஒன்று விட்டுப்போனது. வழக்குத் தொடர அரசு அனுமதி தேவைப்பட்டால், பி.என்.எஸ்.எஸ். 218-இன்படி கோரிக்கை வந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். அதனால் கோரிக்கை போய்ச் சேர்ந்த தேதியை நீதிமன்றக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். கூட்டத்தைக் கலைக்கும்போது சுட்ட வழக்குகளில் வேறு பிரிவு, 151, குறுக்கே வரும். அதில் இந்த 120 நாள் விதி இல்லை. தாளில் இரண்டையும் தனித்தனி வரியில் போடுங்கள், ஒன்றாக எழுதினால் படிப்பவர் குழம்பிப்போவார்.