கர்னல் 6.5-க்கு மாறியதும் கிராபிக்ஸ் டிரைவர் பில்ட் ஆகவில்லை, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. உபுண்டு 22.04, என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கார்டு உள்ள லேப்டாப், அதன் 535 டிரைவர், டிகேஎம்எஸ் (புது கர்னல் வரும்போதெல்லாம் டிரைவரைத் தானாக மறுபடி கம்பைல் செய்யும் கருவி) வழியாக நிறுவியது. செக்யூர் பூட் (கையொப்பமில்லாத டிரைவரைத் தடுக்கும் அமைப்பு) அணைத்தே இருக்கிறது.

2024 ஜனவரி அப்டேட்டில் கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) 6.2-இலிருந்து 6.5-க்குத் தாவியது. ரீஸ்டார்ட் செய்ததும் எழுத்தெல்லாம் பெரிதாகி, எச்டிஎம்ஐ மானிட்டர் கருப்பாகிவிட்டது. செட்டிங்ஸில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் கார்டின் பெயருக்குப் பதில் எல்எல்விஎம்பைப் என்று காட்டுகிறது. அதாவது படம் வரையும் வேலை முழுவதும் சிபியு தலையில். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன், டைம்லைனை நகர்த்தவே முடியவில்லை.

முதலில் டிரைவரைக் கம்பைல் செய்யத் தேவையான 6.5-க்கான ஹெடர் ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பார்த்தேன், இருக்கின்றன. டிரைவரை பர்ஜ் செய்து (முழுதாக நீக்கி) மறுபடி நிறுவினேன், அப்போதும் பில்ட் ஆகவில்லை. அப்புறம் டிகேஎம்எஸ் ஃபோல்டரில் மேக் லாகை (கம்பைல் செய்ததன் பதிவு) திறந்தால், "ட்ரிவியல் ஆட்டோ வார் இனிட்" என்ற ஆப்ஷன் தெரியாது என்று கம்பைலர் சொல்லி நிற்கிறது. 6.5 கர்னல் ஜிசிசி கம்பைலரின் 12-ஆம் பதிப்பில் கம்பைல் ஆனது, என்னிடம் இருப்பது 22.04-இன் வழக்கமான ஜிசிசி 11. பழைய ஜிசிசிக்கு அந்த ஆப்ஷன் தெரியாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போதைக்கு ஸ்டார்ட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய 6.2-ஐத் தேர்ந்து ஓட்டுகிறேன், அதில் எல்லாம் சரி. ஆனால் அதற்கு இனி செக்யூரிட்டி அப்டேட் வராது, அங்கேயே தங்க மனமில்லை. இன்னொரு ப்ராஜெக்ட் ஜிசிசி 11-ஐ நம்பி இருப்பதால் சிஸ்டத்தின் இயல்பு கம்பைலரை மாற்றவும் முடியாது.

ஜிசிசி 12-ஐப் பக்கத்தில் நிறுவி, ஒவ்வொரு கர்னல் அப்டேட்டிலும் டிகேஎம்எஸ் மட்டும் தானாக அதைப் பயன்படுத்தும்படி எங்கே, எப்படி அமைப்பது?