மேடன் ஆட்டத்தில் ஓட்டம் எடுபடவில்லை: முதல் வாய்ப்பில் எதை நம்பலாம்?

கெடிலக்கரை, கடலூர்

நண்பர்களுக்கு வணக்கம். டல்லாஸில் இருக்கும் என் பெரியப்பா மகனோடு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மேடன் என்எஃப்எல் 25 என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ ஆட்டம் விளையாடுவது வழக்கம். பந்தை வீசி முன்னேறுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கிடம் கொடுத்து ஓடவிட்டால்தான் ஒன்றிரண்டு யார்டுக்குள் அண்ணன் மடக்கிவிடுகிறார். நான் வீசத்தான் போகிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டதால், இப்போதெல்லாம் பின்களத்தில் ஆட்களை நிரப்பி, வீசும் பந்தையும் பறித்துவிடுகிறார். இன்சைட் ஸோன், ஸ்ட்ரெட்ச், பவர், கவுண்ட்டர், டிரா என்று ஓட்ட வகைகள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். நான்கு வாய்ப்புகளில் பத்து யார்டு கடக்க வேண்டிய ஆட்டத்தில், முதல் வாய்ப்பில் நம்பிப் போடக்கூடிய ஓட்டம் எது? பெரும்பாலும் ஷாட்கன் அமைப்பில் (பந்தை வீசும் குவார்ட்டர்பேக் சில யார்டு பின்னால் நின்று வாங்குவது) மூன்று ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்கள்), ஒரு டைட் எண்ட் (முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்), ஒரு ரன்னிங் பேக் வைத்து ஆடுகிறேன்.

லாஸ்பேட்டைவாசி, புதுச்சேரி

தம்பி, எந்த ஓட்டம் என்று கேட்பதற்கு முன்னால், எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் அமைப்பில் முன்வரிசை ஐவரும் டைட் எண்டும் சேர்ந்து ஆறு பேர் வழி திறப்பவர்கள். பந்து கைமாறும் முன், எதிரணியில் உங்கள் முன்வரிசைக்கு நேரெதிரே நெருங்கி நிற்பவர்களை மட்டும் எண்ண வேண்டும். ஓரத்தில் ரிசீவர்களைக் காப்பவர்களும் தொலைவில் கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டிகளும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஆள் சரி, ஓடலாம். ஐந்து பேர் என்றால் உங்களிடம் ஒருவர் மிச்சம், யோசிக்காமல் ஓடுங்கள். ஏழு பேர் என்றால் யாரோ ஒருவர் தடையின்றி வந்து ரன்னிங் பேக்கைப் பிடிப்பார் என்பது உறுதி. அப்போது வீசுவதே நல்லது. 1988ல் வந்த முதல் ஆட்டத்திலேயே பக்கத்துக்குப் பதினொரு பேர் இருந்தே ஆக வேண்டும் என்று பயிற்சியாளர் ஜான் மேடன் பிடிவாதமாக நின்றதால்தான், மைதானத்துக் கணக்கு திரையிலும் அப்படியே செல்லுபடியாகிறது.

உங்கள் அண்ணன் பின்களத்தை நிரப்புகிறார் என்கிறீர்கள். அப்படியானால் முன்னால் ஆள் குறைந்திருக்க வேண்டும். நிக்கல் என்ற தடுப்பு அமைப்பில் ஐந்து பின்களத்தாரும் டைம் என்ற அமைப்பில் ஆறு பேரும் இருப்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு இன்சைட் ஸோன் ஒன்றே போதும். அதில் முன்வரிசை முழுவதும் ஒரே பக்கமாக அடி எடுத்து வைக்கும். கபடியில் கைகோத்து நிற்கும் இருவரைப் போல, இருவர் சேர்ந்து ஒரு தடுப்பாளரை நெட்டித் தள்ளிவிட்டு, அதில் ஒருவர் மட்டும் பிரிந்து, எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை நோக்கிப் போவார். அந்தப் பிரிவு நடக்கும்வரை ரன்னிங் பேக் பொறுமையாக வர வேண்டும். பந்து கைக்கு வந்ததுமே ஆர்2 பொத்தானை அழுத்தி வேகமெடுத்தால், சொந்த ஆளின் முதுகிலேயே மோதி நிற்பீர்கள்.

முத்தியால்பேட்டை இடதுகார்டு, புதுச்சேரி

மேலே சொன்ன கணக்கு சரியானது. ஆனால் மனிதரோடு ஆடும்போது அது மட்டும் போதாது என்பது என் கருத்து. கணினியோடு ஆடினால், நிறுத்திய இடத்திலேயே ஆட்கள் நிற்பார்கள். உங்கள் அண்ணனோ ஆறு பேரைக் காட்டிவிட்டு, கடைசி நொடியில் சேஃப்டியை முன்னே நகர்த்தி ஏழாக்கிவிடுவார். பெரும்பாலானவர்கள் நடு லைன்பேக்கரைத்தான் தங்கள் கையில் வைத்துக்கொண்டு ஆடுவார்கள் என்பதால், அவருடைய கண்ணை ஏமாற்றும் ஓட்டம் ஒன்றும் உங்களுக்குத் தேவை. அதற்குக் கவுண்ட்டரை விட்டால் வேறில்லை.

வலப்பக்கம் போகும் கவுண்ட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரன்னிங் பேக் முதலில் இடப்பக்கம் ஓர் அடி வைப்பார். லைன்பேக்கரும் அந்தப் பக்கம் சாய்வார். அதற்குள், முன்வரிசை நடுவே நிற்கும் சென்ட்டருக்கு அடுத்துள்ள இடது கார்டு தன் இடத்தை விட்டு விலகி, வரிசைக்குப் பின்னாலேயே வலப்பக்கம் ஓடி, ஓரத்தில் நிற்பவரை வெளியே தள்ளுவார். அவரைத் தொடர்ந்து, அவருக்கு வெளிப்பக்கம் நின்ற இடது டேக்கிளும் வந்து, திறந்த வழிக்குள் நுழைவார். நீங்கள் அந்த டேக்கிளின் முதுகு எண்ணிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். அவர் உள்ளே திரும்பும்போது நீங்களும் திரும்புங்கள், அவர் லைன்பேக்கரோடு மோதிய பிறகே ஆர்2வை அழுத்துங்கள். ஸ்ட்ரெட்ச்சை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்; இணைய இணைப்பில் சிறு தாமதம் இருந்தாலும், ஓரம்வரை ஓடி வளைக்கும் நேரம் தவறி, பின்னோக்கியே விழ நேரும்.

பயிற்சி முறையில் இந்த இரண்டு ஓட்டங்களையும் நிக்கல் அமைப்புக்கு எதிராகத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகுங்கள்.

கெடிலக்கரை, கடலூர்

இருவருக்கும் மிக்க நன்றி. என் அண்ணன் நடு லைன்பேக்கரைத்தான் ஆட்டுவிக்கிறார். இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: கோல் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் வந்து நிற்கும்போது, எட்டு ஒன்பது பேர் நெருக்கி நிற்கிறார்கள். அங்கே எந்தக் கணக்கும் எனக்குச் சாதகமாக இல்லையே?

லாஸ்பேட்டைவாசி, புதுச்சேரி

அங்கே ஷாட்கன்னை விட்டுவிடுங்கள். ரன்னிங் பேக் ஐந்து யார்டு பின்னால் நின்று பந்தை வாங்குவதற்குள் நெருக்கிவிடுவார்கள். குவார்ட்டர்பேக் சென்ட்டருக்குப் பின்னால் ஒட்டி நின்று பந்தை வாங்கி, அப்படியே முன்னே பாயும் ஸ்னீக் ஒரு யார்டுக்குப் போதுமானது. நடுவில் ஆள் குவிந்துவிட்டது என்று தெரிந்தால், ஆட்களை நெருக்கி நிறுத்தும் கோல் லைன் அமைப்பிலிருந்து டாஸ் போட்டு, அதாவது ரன்னிங் பேக்குக்குப் பந்தை ஓரமாகத் தூக்கிப் போட்டு, வெளியே ஓடலாம். ஆனால் அது சறுக்கினால் மூன்று நான்கு யார்டு இழப்பு என்பதால், நான்காவது வாய்ப்பில் நான் அதைத் தொடவே மாட்டேன். எதைப் போட்டாலும், கூட்டத்துக்குள் நுழையும் முன் ஆர்1ஐ அழுத்திப் பந்தை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.