டீசல் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வாழைத்தார், சத்தியமங்கலம்:

எங்கள் பிக்கப்பில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதை வழியாகச் சாம்ராஜ்நகர் பக்கம் போவது வழக்கம். சமதரையில் குறை சொல்ல முடியாத வண்டி, அங்குள்ள 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் கூடுகிறது, இழுவை இல்லை. டர்போ போய்விட்டது என்றார் ஒருவர், இன்ஜெக்டர் என்றார் இன்னொருவர். ஆளுக்கு ஒரு தொகை. எனக்கு ஃபில்டர் மீதுதான் சந்தேகம். சமதரையில் இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும், அடைத்த ஃபில்டரும் அதைக் கொடுத்துவிடும். பாரத்தோடு மேடு ஏறும்போது கேட்கிற அளவுதான் வந்து சேராது. சில நூறு ரூபாய்ச் சாமானைப் பார்க்காமல் பல்லாயிரம் ரூபாய்ச் சாமானில் கை வைப்பானேன்?

இன்ஜின் நன்றாக ஆறிய பின் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினேன். ஃபில்டரைச் சுற்றி அப்பியிருந்த மண்ணைத் துடைத்தெடுக்கவே மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது. அடியில் இருக்கும் தண்ணீர் சென்சாரின் வயரைக் கழற்றி, வடிகால் திருகைத் தளர்த்தி, வந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தேன். அசையாமல் வைத்ததும் அது பிரிந்துகொண்டது. மேலே மஞ்சளாக டீசல். கீழே இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர். அதற்கும் அடியில் செம்மண் நிறத்தில் துரு.

பழைய சென்சாரைப் புது ஃபில்டரில் மாட்டி, ஓ-ரிங்கில் டீசல் தடவி, ரப்பர் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கி, ஃபில்டருக்குள் டீசலை ஏற்றும் கைப்பம்பைக் கெட்டிப்படும்வரை அழுத்தினேன். செல்ஃப் அடித்ததும் சற்றுத் திணறிவிட்டுப் பிடித்துக்கொண்டது. இப்போது மேட்டில் தொந்தரவு இல்லை. ஆனால் அந்தப் பாட்டில்தான் மனத்தை விட்டுப் போகவில்லை. ஃபில்டரை மாற்றிவிட்டேன், தண்ணீர் வந்த வழி அப்படியேதானே இருக்கிறது? பழைய ஃபில்டரை வீசுவதற்கு முன் உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தவர்கள் உண்டா?

பட்டறை, நாமக்கல்:

தம்பி, டர்போவை விட்டுவிட்டு ஃபில்டரிலிருந்து தொடங்கியது சரி. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கேனிலிருந்து டீசல் ஊற்றிப் புது ஃபில்டரை நிரப்பி மாட்டும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. நடுத்துவாரத்தில் ஊற்றினால் அது வடிகட்டப்படாமல் நேரே பம்புக்குப் போகும். பழைய இன்ஜின்கள் தாங்கும். காமன் ரயில், அதாவது மிக அதிக அழுத்தத்தில் டீசலை ஒரே குழாயில் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் புது வகை, தாங்காது. அந்தப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகு. தண்ணீரோ பொடி மணலோ புகுந்தால் உள்ளே கோடு விழுந்துவிடும்.

ஏர் எடுக்க, அதாவது டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற, முன்பெல்லாம் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொல்வோம். காமன் ரயிலில் அதைத் தொடவே வேண்டாம். உள்ளே இருப்பது 1000 பாருக்கு மேற்பட்ட அழுத்தம். கார் டயரில் இருப்பதே 2 பார் சொச்சம்தான். கசிவைத் தேடி விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. அதை நம்பி வீட்டில் இருந்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். பங்க், டேங்க், டேங்க் மூடி, இந்த வரிசையில் பாருங்கள்.

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி:

எங்கள் வண்டியில் கைப்பம்பே கிடையாது. டேங்க்குக்குள் மின் பம்பு. சாவியை ஆன் செய்தால் பின்பக்கம் மெல்லிய இரைச்சல் கேட்டு அடங்கும். அடங்கியதும் ஆஃப் செய்து மறுபடி ஆன். சில முறை அப்படிச் செய்த பிறகுதான் செல்ஃப் தொட வேண்டும். என் வீட்டுக்காரர் பானெட்டுக்குள் தலையை விட்டுக் கைப்பம்பைத் தேடிக்கொண்டிருந்தார். வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டியவள் நான்.

பழைய ஃபில்டரை நாங்கள் ரம்பத்தால் அறுத்தே பார்த்தோம். மடிப்புக் காகிதம் ஒரு பக்கம் பசைவிட்டுத் தகட்டிலிருந்து விலகிக் கிடந்தது. அந்தச் சந்து வழியாக டீசல் அழுக்கோடு போய்க்கொண்டிருந்திருக்கிறது. அட்டைப்பெட்டியைப் பார்த்தால் அசல் என்றுதான் யாரும் சொல்வார்கள். பில் கொடுக்காத கடையில் அதற்குப் பின் எதுவும் வாங்குவதில்லை.

வயல்கரை, கிளிநொச்சி:

2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது செட்டில் (எரிபொருள் நிலையத்தில்) வரிசையில் நின்று கிடைத்த டீசலைப் பரலிலும் (பீப்பாயிலும்) கானிலும் சேர்த்து வைத்தோம். கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் வாங்கும் முறை வந்த பிறகும் வாரத்துக்கு இவ்வளவுதான் என்ற கட்டுப்பாடு இருந்ததால் அந்தப் பழக்கம் விடவில்லை. மாரி முடிந்து பட்டா என்று நாங்கள் சொல்லும் சிறு சரக்கு வாகனத்தின் ஃபில்டரைக் கழற்றினால், காகிதம் முழுக்கக் கறுப்பாக, வழுவழுவென்று ஒரு படலம். டீசலுக்கு அடியில் தண்ணீர் நின்றால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்துவிடும். புது ஃபில்டரும் கொஞ்ச நாளில் அடைத்தது. பரலை வெறுமையாக்கிக் காயவைத்து, வாகனத்தின் தாங்கியையும் இறக்கிக் கழுவிய பிறகே தீர்ந்தது. ஃபில்டருக்குச் செலவழித்த காசு வீண்.

வாழைத்தார், சத்தியமங்கலம்:

நாமக்கல் அண்ணன் சொன்ன வரிசைப்படியே போனேன். பங்க்கில் கேட்டதும் அளவுகோலின் நுனியில் தண்ணீர் பேஸ்ட் தடவித் தொட்டிக்குள் இறக்கிக் காட்டினார்கள். தண்ணீர் பட்டால் பேஸ்ட் நிறம் மாற வேண்டும், மாறவில்லை. டேங்க் மூடியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வெடித்து, ஒரு பக்கம் துண்டே இல்லை. மழைத் தண்ணீர் நேராக இறங்கியிருக்கிறது. புது மூடி வாங்கப் போகிறேன்.

பட்டறை, நாமக்கல்:

மூடி மாற்றுவதற்கு முன் டேங்க்கின் அடியில் நிற்பதையும் வடித்துவிடுங்கள் தம்பி. வாங்கும்போது உங்கள் வண்டிக்கு உரிய மூடியையே கேளுங்கள். சில வண்டிகளில் டேங்க்குக்குக் காற்று போகும் வால்வு மூடியிலேயே இருக்கும். அது இல்லாத மூடியை இறுக்கிப் போட்டால் டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் பிடித்து வண்டி மறுபடி இழுக்காது. அப்போது புது ஃபில்டரைத் திட்டாதீர்கள்.