தாது வருஷப் பஞ்சம்: பன்னிரண்டாம் வகுப்புக் கட்டுரைக்குத் தலைப்பை எப்படிக் குறுக்குவது?

சேலத்து மாணவி:
வரலாற்றுக் கட்டுரை, 2,000 சொல், ஆறு வாரம் அவகாசம். 'தாது வருஷப் பஞ்சம்' (1876-78-ல் சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும் பஞ்சம்) என்று எழுதிக் கொடுத்தேன். ரொம்பப் பெரிய தலைப்பு, குறுக்கிக்கொண்டு வா, மூல ஆவணம் குறைந்தது மூன்று வேண்டும் என்கிறார் ஆசிரியை. சென்னைக்குப் போக வழியில்லை. எங்கே தொடங்கட்டும்?

ஏடுதேடி:
'பஞ்சம் ஏன் வந்தது' என்று கேட்டால் மழை, விலை, ரயில், தானிய ஏற்றுமதி எல்லாம் வரிசைகட்டி வந்து 2,000 சொல்லையும் விழுங்கிவிடும். ஒரு முடிவு, அதை எடுத்தவர், எதிர்த்தவர் மூன்றும் அடங்கிய கேள்வியாகப் பிடியுங்கள் தங்கச்சி.

இதோ ஒன்று. 1877 தொடக்கத்தில், பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியைக் குறைக்க வைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அதற்கு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் கூலியை உயர்த்தினார்கள். இதே டெம்பிள்தான் 1874 பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியைத் தாராளமாக இறக்கி, வீண்செலவு என்று திட்டு வாங்கியவர். 'டெம்பிள் கூலி ஏன் வந்தது, ஏன் நிலைக்கவில்லை?' என்று கேளுங்கள். வாதத்துக்கு இருபக்கமும் கிடைக்கும்.

பழந்தாள்:
மூலத்துக்குச் சென்னை வேண்டியதில்லை. வில்லியம் டிக்பி 1878-ல் இந்தப் பஞ்சம் பற்றி வெளியிட்ட இரண்டு தொகுதிகளும், 1880 பஞ்சக் குழு அறிக்கையும், லெ ஃபானுவின் 1883 சேலம் மாவட்டக் கையேடும் இணைய ஆவணகத்தில் (archive.org) இலவசம். டிக்பி பத்திரிகை ஆசிரியர், பஞ்ச நிவாரண நிதிக் குழுவின் செயலாளர். அவர் நடுநிலையாளர் இல்லை என்பதைக் கட்டுரையிலேயே சொல்லுங்கள்; மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. கார்னிஷ் சொன்னதை டிக்பி வழியாகப் படித்தால், 'டிக்பி எடுத்துக்காட்டும் கார்னிஷ்' என்றே எழுத வேண்டும். கார்னிஷை நேரே படித்த மாதிரி எழுதிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

ஆங்கிலத்தில் தேடும்போது ஊர்ப்பெயரைப் பழைய எழுத்தில் போடுங்கள். திருச்சிக்கு 'Trichinopoly', நெல்லைக்கு 'Tinnevelly'. ஸ்கேன் செய்த பக்கங்களில் எழுத்துப் பிழை மலிந்திருக்கும். தேடல் காலியாக வந்தாலும் பொருளடக்கத்தைப் பார்க்காமல் விடாதீர்கள்.

கணக்கன்:
சேலம் என்பதால் சொல்கிறேன். மக்கள்தொகைக் கணக்கில் 1871-ல் சேலம் மாவட்டம் சுமார் 19.67 லட்சம், 1881-ல் சுமார் 16 லட்சம். இந்த 3.67 லட்சத்தை அப்படியே 'பஞ்சத்தில் செத்தவர்கள்' என்று எழுதிவிடாதீர்கள். வெளியூருக்கும் கடல் கடந்தும் போனவர்கள், பிறக்காமல் போன குழந்தைகள் எல்லாம் இந்தக் குறைவில் கலந்திருக்கிறார்கள். 1871-க்கும் 1876-க்கும் நடுவே மக்கள்தொகை கூடியிருந்தால் அதுவும் இந்தக் கழித்தலில் தெரியாது. இன்னொன்று, அன்றைய சேலம் மாவட்டத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்லும் சேர்த்தி. இன்றைய மாவட்ட எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கே தப்பு.

சேலத்து மாணவி:
நன்றி அண்ணா. எலும்பும் தோலுமாக மக்கள் இருக்கும் படங்களையும், பஞ்சப் பாட்டையும் மூலமாகச் சேர்க்கலாமா?

ஏடுதேடி:
சேருங்கள், ஆனால் அலங்காரமாக வேண்டாம். அந்தப் படங்களில் பல ராணுவ அதிகாரி ஹூப்பர் எடுத்தவை. ஒரு படத்தை மட்டும் எடுத்து உற்றுப் பாருங்கள்: ஆட்கள் வரிசையாக, கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைய கேமராவுக்கு அசையாமல் இருந்தாக வேண்டும். ஆக, யாரோ உட்கார வைத்திருக்கிறார்கள். பசி உண்மை, காட்சி அமைத்தது. இரண்டையும் எழுதுங்கள். எந்த ஊர் என்று குறிப்பில்லாத படத்தைச் 'சேலம்' என்று போடாதீர்கள்.

பாட்டுக்கு அச்சான ஆண்டு முக்கியம். தாது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும். 1876-க்குப் பிறகு 1936-லும் வந்தது. கூலி எவ்வளவு என்பதற்குப் பாட்டைச் சான்றாக வைக்காமல், அந்தப் பஞ்சத்தை மக்கள் எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதற்கு வையுங்கள்.

பழந்தாள்:
குறிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு தாளின் தலையிலும் நான்கு விவரம்: யார் சொன்னது, யாரிடம், எந்தத் தேதி, எத்தனையாம் பக்கம். பக்க எண்ணை அப்போதே எழுதாவிட்டால் கடைசி வாரம் முழுக்கத் தேடலிலேயே போய்விடும். முதல் இரண்டு வாரத்துக்கு டிக்பியின் கூலி பற்றிய பகுதி மட்டும் போதும், முழுத் தொகுதியையும் படிக்க உட்காராதீர்கள்.