போலி காரபினர், போலி பெல்ட்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

பட்டறைக்காரன், செவ்வாய்ப்பேட்டை

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொலுசுப் பட்டறை. மலைப் பைத்தியம் எனக்கு மட்டும்தான். ஏற்காட்டு அடிவாரத்தைத் தாண்டி ஒரு பாறைச் சரிவு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் அங்கே போய்க் கயிறு கட்டி ஏறுவோம்.

போன வருடம் இணையத்தில் நான்கு காரபினர் வாங்கினேன், அதாவது கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கி. ஐரோப்பாவில் பேர்பெற்ற ஒரு கம்பெனியின் பெயர் போட்டிருந்தது. விலை வழக்கத்தில் பாதிகூட இல்லை. பெட்டி, உள்ளே பல மொழியில் மடித்து வைத்த கையேடு எல்லாம் இருந்தது. எட்டு மாதம் அதில்தான் தொங்கினேன். ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரு நாள் ராத்திரி பையைப் பட்டறையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் அப்பா லென்ஸைக் கண்ணில் வைத்து ஒரு காரபினரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எங்கடா வாங்கினே?"

"ஏம்ப்பா?"

"இந்த நம்பர் மேல போட்ட நம்பர் இல்லை. வார்ப்புலயே வந்திருக்கு. ஓரம் பாரு, தேய்ஞ்ச சோப்பு மாதிரி. அசலை அச்சு எடுத்து அதுல ஊத்தியிருக்காங்க."

வெள்ளியில் நாற்பது வருடம் புழங்கிய கண். நான் நம்பவில்லை. மறுநாள் நண்பனுடைய இரண்டு அசல் காரபினர்களை வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். அவனுடையதில் எண்கள் மெல்லிய கோடாக, லேசரால் கீறியது போல் இருந்தன. வெள்ளி நிறுக்கும் தராசில் வைத்தால் அவை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை. என்னுடைய நான்கும் நான்கு எடை. திறந்து மூடும் கேட் வந்து பூட்டிக்கொள்ளும் மூக்கில் விரலை ஓட்டினால் பிசிர் தட்டியது. அவனுடைய இரண்டிலும் தனித்தனி எண். என்னுடைய நான்கிலும் ஒரே எண்.

தெரிந்த ஒருவர் மூலம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், இரும்புக் கம்பியை இழுத்துச் சோதிக்கும் எந்திரத்தில் இரண்டைக் கொடுத்துப் பார்த்தோம். மேலே எழுதியிருந்தது நீளவாக்கில் 22 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2,200 கிலோ பாரம். முதல் காரபினர் அதில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. முறிந்த இடத்தில் உள்ளே பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழி. இரண்டாவது 20-ஐத் தாண்டியும் நின்றது! இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரே பெட்டியில் வந்தவை. எதில் நான் தொங்கியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள். கடைப் பெயர் வேண்டாம், நடந்தது போதும்.

எஸ்டேட் சூப்பர்வைசர், ஏற்காடு

பாறை ஏறுகிறவர்கள் தாங்களே தேடி வாங்குகிறார்கள். எங்கள் ஆட்களுக்கு நாங்கள் வாங்கிக் கொடுப்பதுதான் கிடைக்கும். அதனால் இதை எழுதியே ஆக வேண்டும்.

காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. தை, மாசியில் மிளகு பறிப்பு, மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளை கழிப்பு. இரண்டுக்கும் மரம் ஏற வேண்டும். மூன்று வருடம் முன்பு பத்து சேஃப்டி பெல்ட் வாங்கினோம். லேபிளில் சேஃப்டி பெல்ட்டுக்கான இந்தியத் தர விதி எண் ஐ.எஸ். 3521 இருந்தது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருந்தது. முதல் மழையிலேயே அந்த லேபிள் ஈரக் காகிதமாகச் சுருண்டு கையோடு வந்துவிட்டது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டிவிடும். நான் போட்டுப் பார்த்தேன். வந்தது சம்பந்தமே இல்லாத வேறு ஒரு பொருள்.

பட்டையைப் பிரித்துப் பார்த்தோம். பாரம் தாங்கும் இடங்களில் நெருக்கமாகப் பல வரிசை தைத்திருக்க வேண்டும். இதில் சட்டைக்குப் போடுவது போல ஒற்றை ஓட்டுத் தையல். நூல் பட்டை நிறத்திலேயே இருந்ததால் கண்ணுக்கும் படவில்லை. நல்ல பெல்ட்டில் தையல் நூலை வேறு நிறத்தில் போடுவார்கள். அறுந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக.

பெல்ட்டை எல்லாம் திருப்பி வாங்கும்போது, எங்களிடம் ரொம்ப வருடமாக மரம் ஏறும் மலைக்கிராமத்துப் பெரியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பெல்ட் இல்லாதப்போ ஒரு கை எப்பவும் மரத்துலயே இருக்கும்ங்க சார். இதைப் போட்டுவிட்ட நாள்ல இருந்து ரெண்டு கையையும் விட்டுட்டுத்தான் வெட்டுறேன். இதை நம்பித்தானே விட்டேன்?"

எனக்குப் பேச வாய் வரவில்லை. வெறும் கையோடு ஏறியபோது அவர் இதைவிட பத்திரமாக இருந்திருக்கிறார். நாங்கள் நல்லது செய்வதாக நினைத்து அந்தக் கையை எடுக்க வைத்திருக்கிறோம். அந்தப் பத்து பெல்ட்டுக்கு மிச்சம் பிடித்த காசை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நான்காம் வகுப்பு அம்மா, அஸ்தம்பட்டி

என்னுடையது சின்ன விஷயம். போலி என்றும் சொல்ல முடியாது. கோடை விடுமுறையில் மலைக்கு மேலே ஒரு இடத்தில் கம்பியில் தொங்கிப் போகும் விளையாட்டு. மகளுக்கு மாட்டிய கொக்கியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில், 'மலையேற்றத்துக்கு அல்ல' என்று அதிலேயே எழுதியிருந்தது. சாவிக்கொத்து மாட்ட விற்பார்களே, அதன் பெரிய அண்ணன். கிலோநியூட்டன் எண் எதுவும் இல்லை.

மாட்டிவிட்ட தம்பியிடம் கேட்டேன். "தினமும் நூறு பேர் போறாங்கக்கா, ஒண்ணும் ஆனதில்லை" என்றான். அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளையை இறக்கிக் கூட்டி வந்துவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவும் அழுதுகொண்டே வந்தாள். பரவாயில்லை.

உயர வேலை, இரும்பாலைப் பக்கம்

பட்டறைக்காரன் தம்பிக்கு ஒரு திருத்தம். ஒரே எண் இருந்தாலே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சில கம்பெனிகள் ஒரு தொகுதி முழுவதற்கும் ஒரே எண் போடுவதும் உண்டு. ஆனால் உங்கள் நண்பருடையது அதே கம்பெனியின் அதே மாடல், அதில் தனித்தனி எண் என்றால் சந்தேகம் சரிதான்.

"நான் தொங்கிப் பார்த்தேன், தாங்குகிறது" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். 75 கிலோ ஆள் அசையாமல் தொங்கினால் முக்கால் கிலோநியூட்டன்கூட முழுதாக வராது. குப்பைக் கொக்கியும் அதைத் தாங்கும். கால் வழுக்கி விழுந்து கயிறு இழுத்துப் பிடிக்கும் நொடியில்தான் பாரம் பல மடங்காகிறது. அதிலும் மேலே மாட்டிய காரபினருக்கு இரண்டு பக்க இழுப்பும் சேர்ந்து வரும். விழுகிறவர் வாங்கும் அடியைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் அது வாங்கும். ஐரோப்பிய விதி இ.என். 12275-இல் சாதாரணக் காரபினருக்கே நீளவாக்கில் 20, குறுக்கே 7 கிலோநியூட்டன் கேட்பது இதற்காகத்தான்.

முத்திரையைப் பார்த்து வாங்கினேன் என்பதும் போதாது. 2011-இல் பிரான்சின் பெட்சில் கம்பெனி, தன் காரபினர், கயிறு ஏறும் பிடிகள் சிலவற்றுக்கு நகல் வந்திருக்கிறது என்று தானே எச்சரிக்கை வெளியிட்டது. வடிவம், நிறம், எண், ஐரோப்பியப் பாதுகாப்பு விதிக்கான சி.இ. முத்திரை, சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ.வின் முத்திரை, பெட்டி, கையேடு எல்லாமே பிரதி. சி.இ. பக்கத்தில் வரும், சரிபார்க்கும் அமைப்பைக் குறிக்கும் நான்கு இலக்க எண்ணை அச்சடிக்க எத்தனை காசு ஆகும்? அந்த எண் இல்லையென்றால் ஒதுக்கிவிடலாம். இருக்கிறது என்பதற்காக நம்பிவிட முடியாது. கம்பெனியின் சொந்தத் தளத்தில் விற்பனையாளர் பட்டியல் இருக்கும். அதில் பெயர் உள்ள கடை, பில்லோடு. நான் இப்போது அப்படி மட்டும்தான் வாங்குகிறேன்.

கயிறு பற்றி ஒன்று, இது என் கையில் பட்டது. உயர வேலைக்கு 11 மில்லிமீட்டர் நீளாத கயிறு வாங்கினேன். லேபிளில் இ.என். 1891 என்று போட்டிருந்தது. அந்த விதிப்படி கயிற்றின் கருவுக்குள் மெல்லிய பட்டை ஒன்று முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். அதில் தயாரித்தவர் பெயர், விதி எண், வருடம் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். முனையில் ஒரு சாண் வெட்டி உறையை உரித்தேன். பட்டையைக் காணோம். கரு இழைகள் இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டு இணைத்திருந்தன. வெளியே உறை மட்டும் அழகாக, நீலமும் வெள்ளையும். அந்த முடிச்சுக்கு நேர் மேலே என் பாரம் விழுந்திருந்தால் என்று நினைத்து, வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பட்டறைக்காரன், செவ்வாய்ப்பேட்டை

திருத்தத்துக்கு நன்றி அண்ணா. அதே மாடல்தான்.

மிச்சம் இருந்த இரண்டை என்ன செய்தேன் என்று சிலர் கேட்டிருந்தார்கள். விற்றவர் பேச்சே இல்லாமல் ஒத்துக்கொண்டார், திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தருவதாகச் சொன்னார். அனுப்பவில்லை. அனுப்பினால் அடுத்த வாரம் வேறொரு பையனின் வீட்டுக்கு அதே பெட்டியில் போகும். பழைய இரும்புக்கடையில் முழுதாகப் போட்டாலும் அதே கதைதான், அங்கிருந்து யாராவது ஐம்பது ரூபாய்க்கு எடுத்துப் போவார்கள். அப்பா பட்டறை ரம்பத்தால் ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக அறுத்தார். எஸ்டேட் அண்ணா, நீங்களும் அந்தப் பத்து பெல்ட்டையும் முழுதாக வெளியே விடாதீர்கள். பட்டையைக் குறுக்கே வெட்டிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறை திறந்திருக்கும். நம் ஆட்கள் யாராவது காரபினர் கொண்டு வந்தால் அப்பா லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்வார். அவர் கண்ணில் மாட்டினால் போலி. மாட்டாவிட்டால் அசல் என்று அவர் சொல்ல மாட்டார். அதற்கு நீங்கள் பில்லையும் கொண்டு வர வேண்டும்.